மூணாம் தண்ணி

முத்தியால்பேட்டை,
18 ஜூலை 2021

அக்காவுக்கு,

பூவிழி எழுதுறேன். நீயும் மாமாவும் சிந்துவும் சுகமா இருப்பீங்கன்னு நெஞ்சக் கெட்டியாக்கிக்கிட்டுத்தான் பேனாவ எடுத்தேன்.

பாகூருக்கும் பாண்டிக்கும் பஸ்ல ஒரு மணி நேரம்கூட ஆவாது, இவ என்னடான்னா கடுதாசி போடுறாளேன்னு திட்டுவ. திட்டிக்கோ. செல்லத் தொட முடியலக்கா. கொரோனா வார்டுல என் செல்லுதான் எல்லாருக்கும் செல்லு. அந்த பிபிஇ கிட்டுக்குள்ள வேர்த்து ஊத்த நின்னுகிட்டு ஒவ்வொரு பேஷண்ட் மொகத்துக்கு நேராவும் அதப் புடிச்சிருக்கேன், வீட்டு ஆளுங்கள ஒரு தடவ பாத்துக்கட்டும்னு. அதுல பேசுனவங்கள்ல பாதிப் பேரு இன்னிக்கு இல்ல. இப்ப மணி அடிச்சாலே காதப் பொத்திக்கிறேன். பிளாஸ்டிக் கவர்ல சுத்தி பீரோவுக்குள்ள போட்டுட்டேன். குவைத்துல இருந்து சிந்து அப்பா கூப்புட்டாகூட கீழ் வீட்டு செல்வாம்பாள் அம்மா செல்லுல ஸ்பீக்கர் போடச் சொல்லி, தள்ளி நின்னுதான் பேசுறேன்.

மே மாசம் சிந்துவ உன்கிட்ட அனுப்புனப்ப ரெண்டு வாரம்னுதான் சொன்னேன். ஆறு வயசுப் புள்ள. அன்னிக்கு அவளுக்குக் காய்ச்சல் அடிச்சுதே, அது நான் வார்டுலேருந்து கொண்டாந்தது. டெஸ்ட்ல ஒன்னும் இல்லன்னு வந்தா மட்டும்? எனக்குத் தெரியும். இன்னும் அது என் மேல ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. எல்லாம் அடங்கட்டும், வந்து கூட்டிக்கிறேன்.

இத நான் வெயில்ல காய வச்சுட்டுத்தான் போடுறேன். நீயும் வெயில்ல வச்சுட்டுப் பிரின்னு கவர் மேலயே எழுதியிருக்கேன், செஞ்சிருப்ப. சிந்துவுக்கு என் பேர்ல முத்தம் கித்தம் குடுத்துடாத. தலைய மட்டும் தடவி வுடு.

பூவிழி


பாகூர்,
29 ஜூலை 2021

தங்கச்சிக்கு,

கொளஞ்சி எழுதுறது. நாங்க மூணு பேரும் தின்னு, தூங்கி, சண்ட போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருக்கோம். நீ தின்னியா, தூங்குனியா? அத மொதல்ல எழுது.

உன் கடுதாசிய மொட்ட மாடியில வடாம் தட்டுல வச்சு, மேல கல்லு வச்சுக் காயப்போட்டேன். காக்கா ஒன்னு வந்து கொத்திப் பாத்துட்டு, இது ஆவாதுன்னு போயிடுச்சு. உன் மாமா சிரிக்கிறாரு. நான் சிரிக்கல. எம்மாம் பேத்தக் காப்பாத்துன கையி, அதுல எழுதுன கடுதாசியா கொல்லும்? கிறுக்கி.

சிந்துவுக்கு முன்பல்லு ஒன்னு வுழுந்துடுச்சு. வீட்டு மேல வீசுடி, எலி வந்து நல்ல பல்லு குடுக்கும்னா மாட்டேங்குது. அம்மா பாக்கணும், அம்மா வீட்டு மாடியிலதான் வீசுவேன்னு தீப்பெட்டியில போட்டு வச்சிருக்குது. ராவுல அதத் தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டுத்தான் தூங்குது. எப்ப வர்ற?

நீ வர்ற வரைக்கும் சாப்புட்டுக்கிட்டு இருக்கணும்னு உத்தரவு போடுற,
அக்கா


முத்தியால்பேட்டை,
20 செப்டம்பர் 2021

அக்காவுக்கு,

மொதல்ல உன் கேள்விக்குப் பதில்: தின்னேன், தூங்குனேன். மாமாவுக்கு இருமல் இருந்துச்சே, போச்சா? இருந்தா மறைக்காம எழுது.

டியூட்டி அதிகம், அதான் எழுத நேரமில்ல. மூணாவது அலை வரும், அது புள்ளைங்களத்தான் தாக்கும்னு டிவியில சொல்றாங்க. அது வந்துட்டுப் போவட்டும்க்கா. இப்ப அவசரப்பட்டுக் கூட்டிக்கிட்டு வந்து எதாவது ஒன்னு ஆச்சுன்னா நான் என்னா பண்ணுவேன், சொல்லு.

பல்ல என்கிட்ட அனுப்பிடாத. நான் தொட்டதத் திரும்ப அவ தொடுவா. நீங்களே வீசிடுங்க.

அவ துணி ரெண்டு இங்க இருந்துச்சு. வெந்நீர்ல அவிச்சு மடிச்சு வச்சிருக்கேன். தெனம் அவிக்கிறேன்.

பூவிழி


பாகூர்,
11 நவம்பர் 2021

பூவிழிக்கு,

நாங்க உசுரோட இருக்கோம். நீ எப்படி இருக்கன்னு இந்தத் தடவ கேக்க மாட்டேன், கண்ணாலயே பாத்துட்டேனே.

தீபாவளிக்கு மறுநாள், கொட்டுற மழையில, புள்ளைக்குப் புதுச்சட்ட போட்டு, அதிரசத்தத் தூக்குவாளியில அடச்சுக்கிட்டு வந்து நின்னோம். நீ மாடியில மாஸ்க்கப் போட்டுக்கிட்டு நின்னு "போயிடு, போயிடு"ன்னு கைய ஆட்டுன. தெரு நாய வெரட்டுற மாதிரி. கதவத் தட்டித் தட்டி என் கையி வலிச்சுது. எம்மாந் நேரம்டி? உனக்கு நெஞ்சா, கருங்கல்லா?

சிந்து அழுவல. அழுதிருந்தா தேவல. அரியாங்குப்பம் பாலம் தாண்டுனப்ப, "பெரிம்மா, அம்மாவுக்கு என் மேல கோவமா?"ன்னு கேட்டுச்சு. காதுல வுழாத மாதிரி, சாரல் அடிக்குதுன்னு முந்தானையால அது தலைய மூடுனேன்.

அதிரசத்த ஜன்னல் வழியா செல்வாம்பாள் அம்மாகிட்ட குடுத்துட்டு வந்தேன். நீ தின்னுருக்க மாட்ட.

கொளஞ்சி


முத்தியால்பேட்டை,
10 ஜனவரி 2022

அன்புள்ள கொளஞ்சிக்கு,

நான் செல்வாம்பாள், உங்கள் தங்கை குடியிருக்கும் வீட்டுக்காரி. தீபாவளி சமயம் மழையில் நனைந்து போனீர்களே, காய்ச்சல் கீய்ச்சல் வரவில்லையே? கவர் பின்னால் இருந்த விலாசத்தைப் பார்த்து எழுதுகிறேன். போனில் சொன்னால் மேலே கேட்டுவிடும்.

உங்களுக்கு அவள் என்ன எழுதுகிறாளோ தெரியாது. அவள் டியூட்டிக்குப் போய் நாளாகிவிட்டது. ஆகஸ்டிலேயே வேலையை விட்டுவிட்டாள். வாசற்படி இறங்குவதில்லை. நான் சாப்பாடு கொண்டுபோய் வைத்தால் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறாள். பாதி நாள் அப்படியே இருக்கிறது. கை இரண்டும் சோப்பு போட்டுப் போட்டுத் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. வீட்டுக்குள் தனியாக இருக்கும்போதும் மாஸ்க். எங்கள் வீட்டுக்காரர் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சண்டை முடிந்து வந்த பிறகும் பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். எனக்கு இந்த நோய் தெரியும், அம்மா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து இறங்கி வந்தாள். என்னையும் திறக்க விடாமல், கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, நீங்கள் போகிற வரை அங்கேயே இருந்தாள். மூச்சுக்காற்று கதவிடுக்கு வழியாகப் போய்விடுமாம்.

பொங்கலுக்கு உங்கள் வீட்டில் எல்லோரும் வயிறார உண்ண வேண்டும் என்று மாதாவிடம் கேட்கிறேன்.

செல்வாம்பாள்


பாகூர்,
22 ஜனவரி 2022

என் தங்கத்துக்கு,

அக்கா எழுதுறேன். தின்னியான்னு கேக்கல. கொஞ்சமாவது தின்னு. கைக்குத் தேங்கா எண்ண தடவு.

நான் ஏதோ கோவத்துல எழுதிட்டேன். வாயில வசம்பத்தான் வச்சுத் தேய்க்கணும் எனக்கு. வேலைய வுட்டுட்டேன்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லக் கூடாதா? நான் என்னா அடிக்கவா போறேன்? யாரு சொன்னாங்கன்னு கேக்காத.

ஆனா ஒன்ன மறைக்காம சொல்லணும். ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள நீ வந்து கூட்டிக்கிட்டுப் போவலன்னா இங்கயே சேத்துடலாம்ங்கிறாரு உன் மாமா. சேத்துட்டா அப்புறம் அவ்வளவுதான், இங்கத்திப் புள்ளையாவே ஆயிடும். நேத்து வாய் தவறி என்னய "அம்மா"ன்னு கூப்புட்டுச்சு. எனக்குப் புள்ள இல்லாத வயிறுடி. குளுந்து போச்சு. குளுந்துச்சே, அதுதான் பயமா இருக்குது. எனக்கு ஆச வந்துடப் போவுது பூவிழி. அதுக்குள்ள வந்துடு.

அக்கா


முத்தியால்பேட்டை,
16 பிப்ரவரி 2022

அக்காவுக்கு,

ரெண்டு நாளா ரெண்டு வேளையும் சாப்புட்டேன், நெசம். உன் முட்டிவலி எப்படி இருக்கு?

உன் கடுதாசிய நெறைய தடவ படிச்சேன். நேத்து கீழ எறங்குனேன். செல்வாம்பாள் அம்மா கூட வந்தாங்க. தெருமுனை மளிகைக் கட வரைக்கும் போனேன். அங்க ஒருத்தர் இருமுனாரு, அவ்வளவுதான், திரும்பி ஓடியாந்துட்டேன். நாளைக்கு மறுபடியும் போவேன். பங்குனிக்குள்ள பஸ் ஏறிடுவேன்னு வச்சுக்கயேன். அவள அங்க சேத்துடாதீங்க.

சிந்துவுக்குன்னு தனித்தாள்ல ரெண்டு வரி எழுதியிருக்கேன். மொத மொத எழுதுறேன். நேரா அவ கையில குடு, அவளே எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். இன்னிக்கு இங்க மேகமா இருக்கு, தபால் கட்டுற நேரமும் ஆச்சு. அதனால வெயில்ல வைக்காமலே போடுறேன். பரவாயில்லல்ல?

பூவிழி


முத்தியால்பேட்டை,
28 மார்ச் 2022

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம்தானே? சுகம்னு ஒரு வரி போதும், வேற ஒன்னும் எழுத வேணாம்.

போன மாசம் போட்டதுக்கு இன்னும் பதில் வரல. தபால்காரர் கன்னியப்பன் தெருவுல சைக்கிள்ல போறப்பல்லாம் கேக்குறேன். "உங்களுக்கு இல்லம்மா"ங்கிறாரு. நீ இப்படி இருக்கவே மாட்டியே. நான் ரெண்டு மாசம் எழுதாம இருந்தா நீ திட்டியாவது எழுதுவ.

அந்தத் தனித்தாள சிந்து தொட்டாளாக்கா? நேரா தொட்டாளா?

பூவிழி


முத்தியால்பேட்டை,
4 ஏப்ரல் 2022

அக்கா,

சுகமான்னு கேக்கவே பயமா இருக்கு.

செல்வாம்பாள் அம்மா மாமாவுக்கு போன் பண்ணாங்க. "நல்லா இருக்கா"ன்னாராம், வச்சுட்டாராம். திரும்பப் பண்ணா எடுக்கல. அக்கா, அந்த ரெண்டு வார்த்தையையும் எத்தினி வீட்டுக்கு நான் சொல்லியிருக்கேன் தெரியுமா? உள்ள மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடப்பாங்க. நான் வெளிய வந்து, "நல்லா இருக்காங்க, கவலப்படாதீங்க"ன்னு சொல்லுவேன். அப்படித்தான் சொல்லணும். சொல்லிட்டு உடனே வச்சுடணும், இல்லன்னா அடுத்த கேள்வி கேப்பாங்க.

மாமா ஏன் உடனே வச்சாரு?

நான்தான் பண்ணிட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் வெயில்ல வைக்காம வுட்டேன். அவ்வளவு ஆசையா அவ அதத் தொட்டிருப்பா. மூஞ்சில வச்சுக்கிட்டிருப்பா.

அக்கா, உன் கால்ல வுழறேன். உனக்கு அவ வேணும்னா நீயே வச்சுக்கோ. உன்னயே அம்மான்னு கூப்புடட்டும். நான் கேக்கவே மாட்டேன், வாசப்பக்கம் வர மாட்டேன். உசுரோட இருக்கான்னு மட்டும் எழுது.

இத எழுதிட்டு எப்படி உக்காந்திருக்கப் போறேன்னு தெரியல. இது உன்கிட்ட வந்து சேர மூணு நாளாவும், பதில் வர இன்னும் மூணு நாளாவும்.

இல்ல. இத நான் தபால்ல போடப் போறதில்ல.


பாகூர்,
19 ஏப்ரல் 2022

செல்வாம்பாள் அம்மாவுக்கு,

பூவிழி எழுதுறேன். நீங்க சுகமா? உங்க பிரஷர் மாத்திரைய வேளாவேளைக்குப் போடுறீங்களா? அன்னிக்குக் கதவக்கூடப் பூட்டாம ஓடியாந்துட்டேன். நீங்கதான் பூட்டியிருப்பீங்க. பத்து நாளுக்கு மேல ஒரு சேதியும் சொல்லாததுக்கு மன்னிக்கணும். ஏன்னு சொல்றேன்.

பஸ்ல எப்படி வந்தேன்னு கேட்டா எனக்கே தெரியல. ஜன்னல் பக்கம் சாஞ்சு, கண்ண மூடி, கையில அந்தப் போடாத கடுதாசிய வச்சுக்கிட்டே வந்தேன். தெருவுக்குள்ள நொழையறப்பவே காது ரெண்டும் அழுக சத்தத்தத் தேடுச்சு. வீட்டு முன்னால வந்து பாத்தா, நெலப்படியில வேப்பிலக் கொத்து சொருவியிருக்கு. எனக்கு அப்படியே உசுரு திரும்பி வந்துச்சும்மா. அம்மை! என் புள்ளைக்கு அம்மை போட்டிருக்கு, அவ்வளவுதான்! ஊர்ல எந்தத் தாயாவது வேப்பிலயப் பாத்து சிரிச்சிருப்பாளா? நான் தெருவுல நின்னு சிரிச்சேன்.

ஆத்தா வந்திருக்குற வீட்டுல இருந்து உப்புக்கல்லுகூட வெளிய போவக் கூடாதாம். அதான் அக்கா கடுதாசியும் போடல. மாமாவும் வெளி ஆளுங்ககிட்ட பேச்ச வளக்கக் கூடாதுன்னு போன வச்சுட்டாரு. மாமாவுக்கு மொதல்ல வந்து, அவருக்குத் தண்ணி ஊத்துறதுக்குள்ள சிந்துவுக்கு வந்துடுச்சாம். அதான் அம்மாந் நாளு. "உனக்குச் சொல்லியிருந்தா நீ அங்கயே செத்திருப்படி"ங்கிறா அக்கா. சொல்லாமலே பாதி செத்துட்டேன்னு நான் சொன்னேன்.

ஆனா உள்ள வுடல. வாசப்படியில குறுக்க நின்னுகிட்டா. "உள்ள வந்தா மூணாம் தண்ணி ஊத்துற வரைக்கும் வெளிய போவக் கூடாது. இருப்பியா? இல்ல, இங்கயே நின்னு கைய ஆட்டிட்டுப் போவியா?"ன்னா. நறுக்குன்னு கேட்டா. எனக்கு அது வேணும். அந்த மழ நாள்ல அவ நின்ன மாதிரி நான் நின்னேன்.

"என் மேல இன்னும் அது இருந்துச்சுன்னா என்னாக்கா பண்றது?"ன்னேன்.

"உள்ள மாரியாத்தாவே உக்காந்திருக்கா. அவளத் தாண்டி எதுடி வரும்? வழிய மறைக்காம வா."

உள்ள வேப்பில பரப்பி அது மேல என் புள்ள படுத்திருக்கா. ஒடம்பு பூரா கொப்புளம். ஒரு வருசத்துல எம்மாம் வளந்துட்டா தெரியுமா! என்னயப் பாத்ததும் எழுந்து ஓடி வருவான்னு நெனச்சேன். செவுத்தோரமா ஒட்டிக்கிட்டு, கைய நீட்டித் தடுத்து, "அம்மா, கிட்ட வராத! உனக்கு ஒட்டிக்கும், போயிடு!"ன்னு கத்துனா.

நான் ஆட்டுன அதே கையி. எங்கிட்ட இருந்துதான் கத்துக்கிட்டா.

அதுக்கு மேல நான் யோசிக்கலம்மா. மாஸ்க்க நான் கழட்டுனேனா, அதுவா வுழுந்துச்சான்னு தெரியல. போய்க் கட்டிக்கிட்டேன். "எனக்குச் சின்ன வயசுலயே வந்துடுச்சுடி, ஒட்டாது"ன்னு சொல்லிச் சொல்லி, வேப்பிலக் கொத்தால தடவிக்குடுத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். சொறியாம கையப் புடிச்சுக்கிட்டேன். டாக்டர் குடுத்த மருந்த வேளைக்குக் குடுத்தேன். எனக்குத் தெரிஞ்ச வேலதானே இது? நான் நர்சுங்கிறதே மறந்து போயிருந்துச்சு.

நேத்து மூணாம் தண்ணி, அம்மை எறங்கிக் கடைசியா தலைக்கு ஊத்துறது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு அண்டாவுல தண்ணிய வெயில்ல வச்சிருந்தா அக்கா. சிந்துவுக்குத் தலைக்கு ஊத்துனா. மிச்சம் அரை அண்டா இருந்துச்சு. "நீயும் உக்காரு"ன்னா.

"எனக்கு எதுக்கு?"ன்னேன்.

"இதுக்குத் தலைக்கு ஊத்துனோம், முடிஞ்சுதுன்னு தெரியுது. நாளைக்கு மறுபடியும் கடுகு தாளிப்போம், கோயிலுக்குப் போவோம். உனக்கு வந்தது எம்மாம் பெரிய சீக்கு! யாருடி உனக்குத் தலைக்கு ஊத்துனா? ஊத்தலன்னா அது முடிஞ்சுதுன்னு ஒடம்புக்கு எப்படித் தெரியும்? உக்காருடி."

கல்லு மேல உக்காந்தேன். ஊத்துனா. வெதுவெதுன்னு இருந்துச்சு. கடைசி சொம்ப ஊத்திட்டு, "முடிஞ்சுது. எழுந்திரு"ன்னா. நான் எழுந்திரிக்கலம்மா. ஓன்னு அழுதேன். யாரு யாரோ மொகம் எல்லாம் வந்துச்சு, செல்லுல நான் காட்டுன மொகமெல்லாம். சிந்து வந்து என் தலையத் துவட்டுனா.

தண்ணி மருந்து இல்லன்னு எனக்கும் தெரியும். திரும்பி வந்ததும் நீங்க சொன்ன மனநல டாக்டரப் பாக்குறேன். கூட நீங்க வரணும். பயமெல்லாம் அங்கதான் இருக்கு, எங்கயும் போவல. ஆனா நேத்து ராத்திரி அவள அணைச்சுக்கிட்டுத் தூங்குனேன்.

உங்க பூவிழி


பாகூர்,
20 ஜூன் 2022

தங்கச்சிக்கு,

நானும் உன் மாமாவும் திங்கிறோம், தூங்குறோம். சண்ட போடத்தான் ஆளு கொறையுது. நீங்க ரெண்டு பேரும் தின்னீங்களா?

செல்லு வாங்கிக்கயேன். புதுசா வாங்கு, பழசத் தொட வேணாம். உனக்காவ எழுதி எழுதி எனக்கு வெரலு சுளுக்கிக்குது. சிந்துவோட பழைய செருப்பு ஒன்னு இங்க கெடந்துச்சு. இனிமே அளவு பத்தாது. தூக்கிப் போடலாம்னு எடுத்தேன், அப்புறம் வச்சுட்டேன். அதுக்கு ஒன்னும் இல்ல. வீடுதான் கொஞ்சம் சத்தமில்லாம இருக்குது. பழகிடும்.

அக்கா


முத்தியால்பேட்டை,
27 ஜூன் 2022

என் அக்காவுக்கு,

ரெண்டு பேரும் தின்னோம், தூங்குனோம், சண்டையும் போட்டோம். மாமா நல்லா இருக்காரா?

சிந்து ரெண்டாங் கிளாசுக்குப் போறா. மொத நாளு கேட்டு வரைக்கும் போய் வுட்டேன். உள்ள அம்மாம் புள்ளைங்களப் பாத்ததும் எனக்கு மூச்சு முட்டுச்சு. டாக்டர் சொல்லிக்குடுத்த மாதிரி செவுத்தப் புடிச்சுக்கிட்டு மெதுவா மூச்சு வுட்டேன். மணி அடிச்சு அவ உள்ள போனப்புறம்தான் திரும்புனேன். தெனம் இப்படித்தான் இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா ஆவுது. பல்ல நம்ம மாடி மேல வீசிட்டோம். இப்ப புதுப்பல்லே பாதி மொளைச்சிருக்கு, எலிக்கு என்னா வேலைன்னு கேக்குறா.

லீவு வுட்டா அவ உன் வீட்டுலதான் இருப்பா. உன்னய அம்மான்னு கூப்புட்டா திருத்தாத. நானும் திருத்த மாட்டேன். செருப்பு கெடக்கட்டும்.

இன்னிக்கு உன் கடுதாசிய கன்னியப்பன் வாசல்ல நீட்டுனாரு. சிந்து ஓடி வந்து வாங்குனா. வாங்கிட்டு, என் மொகத்தப் பாத்து, "வெயில்ல வைக்கணுமாம்மா?"ன்னு கேட்டா.

"வேணாம், நீயே பிரி"ன்னேன்.

பூவிழி